உண்ணியை அறிவோம்: அது எந்த விலங்கில் வாழ்கிறது, உங்களிடம் எப்படி வருகிறது?

லெம்பா பெர்த்தாம் வட்டாரத்தில் வாழும் உங்களுக்கு அட்டைக் கடி புதிதல்ல. தேயிலை மலையில் கொழுந்து எடுத்தவர்கள் உப்பு, புகையிலை, சுண்ணாம்பு எல்லாம் கையில் வைத்திருந்த காலம் நினைவிருக்கும். அட்டை இரத்தம் குடித்துவிட்டுத் தானே விழுந்துவிடும். உண்ணி அப்படியல்ல. அது தோலில் வாயைப் புதைத்துப் பல நாள் ஒட்டிக்கொண்டிருக்கும். கடிக்கும்போது பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் அதைப் பற்றித் தெரிந்துகொள்வது அவசியம்.

உண்ணி எந்த இனம்?

உண்ணி பூச்சி அல்ல. அது சிலந்தி, தேள் ஆகியவற்றின் உறவு. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள் உண்டு. முதுகில் கெட்டியான ஓடு உள்ளவற்றை ஓட்டு உண்ணி என்கிறோம். ஆண் உண்ணிக்கு ஓடு முதுகு முழுவதையும் மூடியிருக்கும். பெண் உண்ணிக்கு முன்பக்கம் மட்டுமே ஓடு உண்டு. அதனால்தான் பெண் உண்ணி இரத்தம் குடித்துக் கொட்டைமுத்துபோல் உப்பிவிடுகிறது. உலகில் சுமார் 700 வகை ஓட்டு உண்ணிகள் உள்ளன.

மலேசியக் காடுகளில் காணப்படும் ஒரு வகை, இக்ஸோடஸ் கிரானுலேட்டஸ். பர்மாவில் சேகரித்த உண்ணிகளை ஆராய்ந்த சுப்பினோ என்ற இத்தாலிய அறிஞர், 1897-இல் இதற்கு இப்பெயரிட்டார். 1956-இல் சிலாங்கூரின் உலு லங்காட் காட்டில் பிடித்த இதே வகை உண்ணிகளிலிருந்து ஒரு வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. லங்காட் வைரஸ் என்ற பெயரில் அது இன்றும் உலக ஆய்வுக்கூடங்களில் அறியப்படுகிறது.

மூன்று விருந்து, மூன்று வீடு

இந்த உண்ணியின் வாழ்க்கை நான்கு கட்டம்: முட்டை, ஆறு கால் குஞ்சு, எட்டுக் கால் இளம் உண்ணி, வளர்ந்த உண்ணி. முட்டையைத் தவிர ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முறை இரத்தம் குடிக்கும். குடித்ததும் தரையில் விழுந்து தோல் உரிக்கும். பிறகு வேறொரு விலங்கைப் பிடிக்கும்.

இதற்கு முக்கிய வீடு எலிதான். காட்டு எலி, அணில், மர மூஞ்சூறு ஆகியவற்றின் மீது அதிகம் காணப்படும். ஒரு விலங்கில் குடித்த கிருமியை அடுத்த விலங்குக்குக் கொண்டுபோக இப்படித்தான் வழி ஏற்படுகிறது. மனிதர் அதன் கணக்கில் இல்லை. எலி போகும் பாதையில் நாம் கால் வைக்கும்போது நம்மீது ஏறிவிடுகிறது.

மற்ற வகைகளின் பழக்கம் வேறு. மாட்டுண்ணி, குஞ்சிலிருந்து வளரும்வரை ஒரே மாட்டின் மீது தங்கிவிடும். நாயுண்ணி ஒவ்வொரு முறையும் தரையில் விழுந்தாலும், திரும்பவும் நாயையே தேடும். அதனால் நாய் படுக்கும் இடத்திலும் சுவர் இடுக்கிலும் அது இருக்கும். காட்டுப்பன்றியில் வளரும் பெரிய உண்ணிகள், காட்டோரம் நடப்பவரையும் கடிக்கும். சில வேளை காதுக்குள்ளும் நுழைந்துவிடும்.

கடித்தால் என்ன செய்வது?

• நுனி மெல்லிய இடுக்கியால், தோலை ஒட்டி உண்ணியின் தலைப்பக்கத்தைப் பிடித்து, முறுக்காமல் நேராக மெதுவாக இழுங்கள்.
• உப்பு, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், நெருப்பு எதுவும் வைக்காதீர்கள். அட்டைக்குப் பயன்பட்டது உண்ணிக்குப் பயன்படாது.
• நகத்தால் நசுக்காதீர்கள். கடித்த இடத்தையும் கைகளையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.
• காதுக்குள் இருந்தால் நீங்களே குச்சி விடவேண்டாம். கிளினிக்குக்குப் போங்கள்.

காய்ச்சலைச் சும்மா விடாதீர்கள்

கடித்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, உடம்பு வலி, தோலில் சிவப்புப் புள்ளிகள், கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு இவற்றில் ஏதேனும் வந்தால், "குளிர்க்காய்ச்சல்தான், கஷாயம் குடித்தால் போகும்" என்று காத்திருக்காதீர்கள். அருகிலுள்ள சுகாதாரக் கிளினிக்குக்கோ, தானா ராத்தாவிலுள்ள சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனைக்கோ உடனே செல்லுங்கள். உண்ணி கடித்ததையும், புதருக்குள் போனதையும் முதலில் சொல்லுங்கள். மலாயில் உண்ணியைச் "செங்கெனிட்" என்பார்கள்.

எலியிலிருந்து வரும் இன்னொரு சிற்றுயிர், கண்ணுக்கே எளிதில் தெரியாத செவ்வுண்ணிக் குஞ்சு. அது கடித்தால் புதர்க்காய்ச்சல் வரும். ஒரு காலத்தில் மலாயாவில் பலரை இது கொன்றது. 1948-இல் கோலாலம்பூரில் நடந்த சிகிச்சை ஆய்வுதான், இதைக் குணப்படுத்தும் மருந்து உண்டு என்று உலகுக்குக் காட்டியது. இன்றும் மருந்து இருக்கிறது. சீக்கிரம் தொடங்கினால்தான் அது முழுப் பலன் தரும். வயது கூடக்கூட, தாமதம் ஆபத்தாகும்.

வருமுன் காக்க

புல்வெளிக்கும் காட்டோரத்துக்கும் போகும்போது நீளக் காற்சட்டை அணிந்து, அதன் விளிம்பைக் காலுறைக்குள் செருகுங்கள். பூச்சி விரட்டி மருந்து பூசிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் குளித்து, அக்குள், இடுப்பு, முழங்காலின் பின்பக்கம், காதுக்குப் பின்னால், தலைமுடி எல்லாம் பாருங்கள். கண் பார்வை மங்கியிருந்தால், முதுகைப் பார்க்கப் பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ கூப்பிடுங்கள். இதில் வெட்கம் வேண்டாம்.

நாய் வளர்த்தால் அதன் காதையும் விரல் இடுக்கையும் வாரந்தோறும் பாருங்கள். வீட்டைச் சுற்றிப் புல்லை வெட்டி, குப்பையை மூடி வையுங்கள். எலி குறைந்தால் உண்ணியும் குறையும்.