தரங்கம்பாடி: ஊர் வரலாறும் பெயர் விளக்கமும்

மயிலாடுதுறை மாவட்டத்தில் வங்கக் கடலோரம் அமைந்த சிற்றூர் தரங்கம்பாடி. டேனியக் கோட்டையையும் கடற்கரையையும் காண விடுமுறை நாள்களில் மக்கள் இங்கு வருகின்றனர். சுற்றுலா வெளியீடுகள் இவ்வூர்ப் பெயரைப் 'பாடும் அலைகளின் நிலம்' எனப் பொருள்படும்படி பிறமொழிகளில் பெயர்த்து வழங்குகின்றன. இப்பெயர்ப்பு ஏற்புடையதா என்பதை ஊர் வரலாற்றோடு இணைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கல்வெட்டுச் சான்று

கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அக்கோயிற் கல்வெட்டில் இவ்வூர் சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என இரு பெயர் பெறுகிறது. பழம்பெயரோடு அரசன் பெயரால் அமைந்த புதுப்பெயரையும் சேர்த்துரைப்பது கல்வெட்டு மரபு. 'பட்டினம்' கடற்றுறை ஊரைச் சுட்டும். ஆகவே, ஐரோப்பியர் வருகைக்கு முன்னரே இது துறைமுக ஊராக விளங்கியது எனலாம். அரசன் பெயர் வழக்கொழிந்தது. 'பாடி' என்னும் ஈறு நிலைத்தது.

2. டேனியர் காலமும் பின்னரும்

1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்த ஒப்பந்தத்தின்படி டேனியர் இங்குக் குடியேறி டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினர். 1706இல் வந்த சீகன்பால்கு மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் இங்கு அச்சாகி நிறைவுற்றது. 1845இல் ஊர், இந்தியப் பெருநிலத்திலிருந்த பிற டேனிய உடைமைகளோடு சேர்த்து, 12.5 இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. 1861இல் நாகப்பட்டினம் இருப்புப்பாதை வசதி பெற்றதும் வணிகம் அங்குப் பெயர்ந்தது. வணிகம் நலிந்தமையால் பழந்தெருக்கள் பெரிதும் மாறாமல் எஞ்சின. இன்றைய பயணிகளை ஈர்ப்பவை அவையே. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையால் ஊர் பெருஞ்சேதமுற்றது. பின்னர்ப் பழங்கட்டடங்கள் பல புதுப்பிக்கப்பட்டன.

ஐரோப்பியர் நாவில் இப்பெயர் 'டிரங்கெபார்' எனத் திரிந்தது. முதலசை உயிர் கெட்டது. இறுதி இகரம் மறைந்தது. உயிரிடை டகரம் ரகரமாயிற்று. தூத்துக்குடி 'டூட்டிகொரின்' ஆனபோதும் டகரம் இவ்வாறே ரகரமாயிற்று.

3. 'பாடி' என்னும் ஈறு

பாடி என்பதற்குக் குடியிருப்பு, சேரி, பாசறை என்பன பொருள். ஆயர்பாடி, வாணியம்பாடி ஆகியவற்றில் இப்பொருளே அமைகிறது. வாணியம்பாடியில் யாரும் பாடுவதாகக் கொள்வதில்லை. எனினும் தரங்கம்பாடிக்கு மட்டும் பாடுதற்பொருள் ஏற்றப்பட்டதற்குக் காரணம் உண்டு. 'தரங்கம்' அலையைக் குறிக்கும் வடசொல். அலையோசையும் பாட்டும் இயல்பாக இணைகின்றன. மேலும், 'வானம்பாடி' என்னும் பறவைப் பெயர் ஒலியமைப்பில் இதனோடு முற்றும் ஒத்தது. ஆனால் வானம்பாடி என்பதில் வானம் பாடுவதில்லை. வானில் பாடுவது பறவை. அவ்வாய்பாட்டைக் கொண்டாலும் 'தரங்கம்பாடி' அலையிடத்துப் பாடுவோரையே குறிக்கும், அலை பாடுவதாகாது. எனவே, இது வடிவொப்புமையால் எழுந்த மக்கள்வழக்குச் சொற்பிறப்பு விளக்கமே ஆகும்.

சடங்கன்பாடி தரங்கம்பாடியான முறையும் கருதத்தக்கது. டகர ரகர மாற்றம் எளிதில் விளங்குகிறது. மொழிமுதற் சகரம் தகரமாதற்கு ஒழுங்கான விதியில்லை. பொருள் மறைந்த பழஞ்சொல், கடலை நோக்கிப் புதுப்பொருள் பெற்று மறுவடிவம் கொண்டது எனக் கருத இடமுண்டு. அவ்வாறாயின், 'அலை' என்னும் பொருளும் பிற்பட்டதே.

4. முடிவு

மக்கள்வழக்கு விளக்கமும் மொழி வரலாற்றின் ஒரு பகுதியே. அதனைத் தள்ளிவிட வேண்டுவதில்லை. ஆயினும் அதனையே நேர்பொருளாகப் பெயர்க்கும்போது, தமிழில் உள்ள இருபொருள் நயம் பெயர்ப்பில் மறைகிறது. குடியிருப்பைச் சுட்டும் ஈறு அழிகிறது. எழுநூறாண்டுத் துறைமுகம் வெறும் கடற்காட்சியாகச் சுருங்குகிறது. மொழிபெயர்ப்பாளர் பெயரை ஒலிபெயர்த்து, 'பாடி' குடியிருப்பைக் குறிக்கும் என விளக்கி, வழக்கிலுள்ள பொருளை வழக்கு என்றே சுட்டுதல் பொருந்தும்.