ரஹீம் சாஹிபின் மாணவர்

பாலக்கோட்டிலோ அரூரிலோ பென்னாகரத்திலோ, மாலை வேளையில் பள்ளித் திடலில் பந்தை உதைத்துக்கொண்டிருக்கும் மகனைப் பார்த்து "இது சோறு போடுமா?" என்று கேட்காத பெற்றோர் நம்மிடையே குறைவு. அக்கேள்வி நியாயமானதே. ஆயினும் அதற்குத் தம் வாழ்நாளையே விடையாகத் தந்து சென்ற ஒருவரைத் தாங்கள் அறிந்துகொள்ள வேண்டும். பிரதீப் குமார் பானர்ஜி என்பது அவர் பெயர். கால்பந்து உலகம் அவரை பி.கே. என்றே அழைத்தது.

1936-ஆம் ஆண்டு வடவங்காளத்து ஜல்பாய்குரி மாவட்டத்தில் மொய்னாகுரி என்னும் சிற்றூரில் பிறந்து, ஜாம்ஷெட்பூரில் வளர்ந்தவர். 15 வயதிலேயே பீகார் அணிக்காக சந்தோஷ் கோப்பையில் ஆடினார். 1955-இல் கல்கத்தாவின் கிழக்கு ரயில்வே அணியில் சேர்ந்தவர், ஆட்டக்காலம் முடியும்வரை அதைவிட்டு அகலவில்லை. சோறு போட்டது ரயில்வே உத்தியோகம். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று கழகங்களே ஆட்சி செலுத்திய அந்நகரில், இம்மூன்றிலும் சேராமலேயே நாட்டின் தலைசிறந்த முன்கள வீரர் எனப் பெயர் பெற்றார். 1958-இல் கல்கத்தா லீக் பட்டத்தை வென்றதும் இந்த ரயில்வே அணிதான்!

இவரைச் செதுக்கியவர், ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராயிருந்த மர்ஹூம் சையத் அப்துல் ரஹீம் சாஹிப். 1950 முதல் இந்திய அணியின் பயிற்சியாளர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றது அவர் காலத்தில்தான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அணித்தலைவராயிருந்த பி.கே., பிரான்சுக்கு எதிராகக் கோல் அடித்தார்; அவ்வாட்டம் சமனில் முடிந்தது. அதே ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக நம் தமிழர் சைமன் சுந்தர்ராஜ் அடித்த கோலே இன்றுவரை ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசிக் கோல்.

1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியைச் சற்று எண்ணிப் பாருங்கள். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 எனத் தோல்வி. இஸ்ரேலையும் தைவானையும் அழைக்காத இந்தோனேசியாவை இந்திய விளையாட்டு அதிகாரி ஒருவர் கண்டித்திருந்ததால், ஊரே இந்திய அணிமீது சினம் கொண்டிருந்தது. நம் தேசிய கீதமே கூச்சலில் அமிழ்ந்தது. ரஹீம் சாஹிபோ நுரையீரல் புற்றுநோயால் உள்ளூரத் தேய்ந்துகொண்டிருந்தார். அந்நிலையிலும் அவர் அறிவு கூர்மையாகவே வேலை செய்தது. தலையில் தையல் போட்டிருந்த தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கை முன்களத்துக்கு அனுப்பினார். செப்டம்பர் 4 அன்று இறுதியாட்டத்தில் மீண்டும் அதே தென்கொரியா. கோல் காவலுக்குத் தங்கராஜ். பி.கே. ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல். 2-1 எனத் தங்கம் நமதாயிற்று. மறு ஆண்டு ஜூன் 11-இல் ரஹீம் சாஹிப் காலமானார்.

ஆசிரியர் விட்ட இடத்தை மாணவர் ஏற்றார். 1970 பாங்காக் ஆசியப் போட்டிக்கு ஜி.எம்.ஹெச். பாஷாவுடன் இணைந்து அணியைப் பழக்கினார். ஜப்பானை 1-0 என வென்று வெண்கலம் கிட்டியது. ஆட்டத்துக்கு முன் வீரர்களை அமர வைத்து அவர் ஆற்றும் உரைக்குக் கல்கத்தா பத்திரிகைகள் 'வோக்கல் டானிக்' என்றே பெயரிட்டன. நாவினால் ஊட்டும் சத்து மருந்து! 1977-இல் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியை, பி.கே. பயிற்றுவித்த மோகன் பகான் 2-2 எனத் தடுத்து நிறுத்தியது. 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் அவர் ஈஸ்ட் பெங்கால் பக்கம். எதிரணிப் பயிற்சியாளர் பாய்ச்சுங் பூட்டியாவை ஏளனம் செய்திருந்தார். அந்த ஏளனத்தையே பி.கே. தம் வீரர்களுக்கு மருந்தாக்கினார். 1,30,000-க்கும் மேற்பட்டோர் பார்த்திருக்க, பாய்ச்சுங் மூன்று கோல் அடித்தார்; ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது.

ஆயினும் நாட்டு அணிக்கு அம்மருந்து எப்போதும் போதுமானதாயில்லை. 1982 டில்லி ஆசியப் போட்டியில் அவர் பயிற்சியில் ஆடிய இந்தியா, காலிறுதியில் சவூதி அரேபியாவிடம் 0-1 எனத் தோற்றது. குறையைப் பயிற்சியாளர் தலையில் மட்டும் சுமத்துவது அநீதி என்பேன். சவூதியும் ஜப்பானும் கொரியாவும் சிறுவர் பருவத்திலிருந்தே ஆட்டக்காரர்களை வளர்த்தன. நாமோ வளர்ந்து வந்தவர்களைப் பொறுக்கியெடுத்து, சில வாரப் பயிற்சியோடு அனுப்பினோம்.

2004-இல் ஃபிஃபா அவருக்குத் தன் உயரிய விருதை வழங்கிற்று. 2020 மார்ச் 20-இல் பி.கே. மறைந்தார், ஜகார்த்தாவில் அணித்தலைவராயிருந்த சுனி கோஸ்வாமியும் அடுத்த மாதமே கண்மூடினார். பாங்காக்கில் பெற்ற அவ்வெண்கலத்துக்குப் பின் ஆசியப் போட்டிக் கால்பந்தில் இந்தியாவுக்கு வேறு பதக்கம் வரவில்லை.