மலைச்சரக்கும் போக்குவரத்துத் திறனும்: பீர்மேட்டுக் கணக்கு

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருப்புப்பாதை கிடையாது. அம்மாவட்டத்துப் பீர்மேடு வட்டாரத்தில் விளையும் தேயிலையும் ஏலக்காயும் மிளகும் லாரிகளிலேயே மலையிறங்குகின்றன. மேற்கே குட்டிக்கானம், முண்டக்கயம் வழியாகச் சுமார் 75 கிலோமீட்டர் சென்றால் கோட்டயம் ரயில் நிலையம். கிழக்கே குமுளியைக் கடந்து கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கினால் தேனி. அகலப்பாதையாக மாற்றப்பட்ட மதுரைப் பாதையில் 2022-இல் தேனி வரையிலும், 2023-இல் போடிநாயக்கனூர் வரையிலும் ரயில்கள் மீண்டும் ஓடலாயின. இத்தகைய பாதைகள் மலைச்சரக்கில் எவ்வளவை ஏற்கும் என்ற வினா இயல்பாகவே எழுகிறது.

ஒற்றைப் பாதையின் திறனைக் கணிக்க இந்திய ரயில்வேயில் ஸ்காட் வாய்பாடு நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஒரு சமயத்தில் ஒரு வண்டி மட்டுமே செல்லக்கூடிய பகுதிகளுள், கடப்பதற்கு அதிக நேரம் பிடிக்கும் பகுதியை முதலில் தேர்ந்துகொள்ள வேண்டும். அதைக் கடக்கும் நேரத்தோடு, அடுத்த வண்டிக்கு அனுமதி பெறும் நேரத்தையும் கூட்டி, நாளின் 1440 நிமிடங்களை அக்கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண்ணில் 70 விழுக்காடே கொள்ளப்படும். தாமதம், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்காக எஞ்சியது விடப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, கடக்க 15 நிமிடமும் அனுமதிக்கு 5 நிமிடமும் ஆகுமெனக் கொள்வோம். இரு திசைகளிலுமாக நாளொன்றுக்கு 50 வண்டிகள் ஓடலாம். பயணிகள் வண்டிகள் 30 போக எஞ்சுபவை 20; ஒரு திசையில் 10. சுமார் 60 டன் ஏற்றும் மூடுபெட்டிகள் நாற்பது கொண்ட முழுச் சரக்கு வண்டி 2400 டன் சுமக்கும். எனவே ஒரு திசையில் நாளொன்றுக்கு 24,000 டன். நல்ல விளைச்சல் கண்ட ஆண்டிலும் இந்தியா முழுவதும் விளையும் சிற்றேலம் ஏறக்குறைய இவ்வளவே! பாதையின் ஒருநாள் திறனும் நாட்டின் ஓராண்டு விளைவும் சமமாக நிற்பதைக் கண்டவுடனேயே, தடை பாதையில் இல்லை என்பது விளங்கிவிடும். திட்ட அறிக்கைகளில் இவ்வெண்ணை மட்டும் பெரிதாகக் காட்டுவது விரும்பத்தக்கதன்று.

தடை மலைச்சாலையில் உள்ளது. முழு வண்டியொன்றை நிரப்பப் பத்து டன் லாரிகள் 240 வேண்டும். ஒன்பது மணி நேரத்தில் ஏற்றி முடிப்பதானால், இரண்டேகால் நிமிடத்துக்கு ஒரு லாரி வீதம் சரக்குக்கொட்டகையை வந்தடைய வேண்டும். நாளொன்றுக்கு 60 லாரிகளே இறங்குமாயின், ஒரு வண்டி நிரம்ப நான்கு நாள் செல்லும். அதுவரை சரக்கை மழை படாமல் வைக்கக் கிடங்கும் வேண்டும். அந்நிலையில் மெய்யான திறன் நாளொன்றுக்கு 600 டன். அதாவது முற்கணக்கில் நாற்பதில் ஒரு பங்கு. அதுவும் சாலை திறந்திருக்கும் நாள்களில்தான். 2021 அக்டோபரில் கொக்கையாறு, கூட்டிக்கல் பகுதிகளில் பல உயிர்களைக் கொண்ட நிலச்சரிவின்போது குட்டிக்கானம்–முண்டக்கயம் வழி அடைபட்டது.

மேலும், ஏலக்காய் இலேசான சரக்கு. ஒரு லிட்டர் அளவு சுமார் 400 கிராமே நிற்கும். ஆதலால் எடை வரம்பை எட்டுமுன்பே பெட்டி நிறைந்துவிடும். இத்தகைய சரக்குக்கு முழு வண்டியைக் காட்டிலும், பயணிகள் வண்டியுடன் இணைக்கப்படும் 23 டன் பார்சல் பெட்டியே பொருத்தமானது. இரண்டு மூன்று லாரிச் சரக்கு சேர்ந்தாலே அது புறப்படலாம்.

மூணாற்றில் 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைக்கப்பட்டு, 1908-இல் இரண்டடி அகலக் குறும்பாதையாக மாற்றப்பட்டது. தேயிலை அதில் டாப் ஸ்டேஷன் வரை சென்று, அங்கிருந்து கம்பிவட வழியாகப் போடிப் பக்கத்து அடிவாரத்துக்கு இறங்கியது. கம்பிவடம் தாங்குமளவுக்கு மேல் ரயில் எவ்வளவு கொணர்ந்தாலும் சரக்கு உச்சியிலேயே தேங்கும். 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அப்பாதையை அழித்தது.

விமானக் கணக்கும் இதுபோன்றதே. கொச்சி விமான நிலையத்தின் ஓடுபாதை 3400 மீட்டர் நீளமுடையது. எனினும் சரக்கின் அளவை நிர்ணயிப்பது ஓடுபாதையன்று, பயணிகளின் பெட்டிகள் போக விமானத்தின் அடியறையில் எஞ்சும் இடமே. உரிய ஊர்களுக்குச் செல்லும் சிறிய விமானங்கள் எட்டில் இரண்டிரண்டு டன்னும், பெரிய விமானம் ஒன்றில் 15 டன்னும் இடம் கிடைத்தால் மொத்தம் 31 டன். ஒரு ரயில் பெட்டியின் சுமையில் ஏறத்தாழப் பாதி!

வண்டிப்பெரியாற்றுக்கு அருகே சத்திரத்தில் தேசிய மாணவர் படைக்கென அமைந்த ஓடுபாதை 650 மீட்டர் நீளமுடையது. 2022 டிசம்பரில் அங்குச் சிறு பயிற்சி விமானம் முதன்முறையாக இறங்கியபோது, சரக்கு விமானம் குறித்த எதிர்பார்ப்பும் எழுந்திருக்கக்கூடும். உயரமான இடங்களில் காற்று அடர்த்தி குறைவாதலால், ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஓடுபாதையின் நீளத்தை 7 விழுக்காடு கூட்டுவது மரபு. கடல்மட்டத்தில் 1000 மீட்டர் போதுமான விமானத்துக்கு, 1000 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 1230 மீட்டர் வேண்டும். வெப்பத்துக்கும் சரிவுக்கும் சேர்ப்பது இதற்குப் புறம்பு.