கணக்கிலிருந்து தானே கழியும் சந்தா: அதை நிறுத்தும் முறை

கூட்டுறவின் முதற்பாடம் சிக்கனம். வரவு எவ்வளவு என்று அறிவதைப் போலவே, செலவு எவ்வழியே போகிறது என்று அறிவதும் சிக்கனத்தின்பாற்பட்டதாகும். கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு ஆகிய ஊர்களில் தென்னையும் இலவமும் வளர்ப்போரும், ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டி, டி. சுப்புலாபுரம் ஆகிய ஊர்களில் தறி நெய்வோரும் இன்று விற்பனைத் தொகையையும் கூலியையும் பெரும்பாலும் வங்கிக் கணக்கின் வழியே பெறுகின்றனர். அந்தக் கணக்கு கைப்பேசியோடு இணைந்திருக்கிறது. எனவே பணம் வருவதற்கு ஒரு வாயில் ஏற்பட்டதுபோல், போவதற்கும் ஒரு வாயில் ஏற்பட்டிருக்கிறது.

அங்கத்தினரின் பாஸ் புத்தகங்களைப் பார்வையிடும்பொழுது, 49, 99, 199 என்றவாறு மாதந்தோறும் ஒரே தொகை கழிந்திருப்பதை நாம் காண்கிறோம். இது யாருக்குச் சென்றது என வினவினால், கணக்குக்கு உடையவரே அறியார். மகன் பாட்டுக் கேட்பதற்காகவோ, பேத்தி பாடம் படிப்பதற்காகவோ, வீட்டில் எவரோ திரைப்படம் காண்பதற்காகவோ என்றைக்கோ ஒருநாள் கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றியிருப்பர். ஒரு ரூபாய்க்கு ஒரு வாரம் பார்க்கலாம் என்ற விளம்பரத்தை நம்பி, யூ.பி.ஐ. ரகசிய எண்ணையும் இட்டிருப்பர். அந்த ஒரு ரூபாயோடு விவகாரம் முடிந்தது என்பது அவர்கள் எண்ணம். முடியவில்லை என்பதைப் பாஸ் புத்தகம் காட்டுகிறது.

சிறு தொகைதானே என்று இதனைத் தள்ளிவிடலாகாது. மாதம் 199 ரூபாய் ஆண்டுக்கு 2,388 ரூபாய் ஆகும். இதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. ஒருவர் கணக்கில் 2,100 ரூபாய் இருக்கிறது. மறுநாள் கடன் தவணை 2,000 ரூபாய் கழிய வேண்டும் என வைத்துக்கொள்வோம். முதல்நாள் இரவு சந்தா 199 ரூபாய் கழிந்துவிட்டால் மிச்சம் 1,901 ரூபாயே. தவணை திரும்பிவிடும்; வங்கி அதற்கெனத் தனிக் கட்டணம் விதிக்கும்; கடனாளியின் நாணயத்துக்கும் குறை நேரும். யாரும் பார்க்காத ஒரு திரைப்படச் செயலிக்காக, காலந்தவறாது கட்டிவந்த ஓர் அங்கத்தினர் தவணை தவறியவர் ஆகிவிடுகிறார்.

முன்னனுமதி என்பது யாது?

நெசவாளர் சங்கங்களில் கூலியிலிருந்து சேமிப்புக்கெனப் பிடித்தம் செய்வது அங்கத்தினர் அறிந்ததே. ஒருமுறை ஒப்புதல் அளித்தால், ஒவ்வொரு முறையும் கேளாமலே பிடித்தம் நடைபெறும். கைப்பேசிச் சந்தாவும் இத்தகையதே. வங்கிகள் இதனை ‘மேண்டேட்’ என்றும், யூ.பி.ஐ. செயலிகள் ‘ஆட்டோபே’ என்றும் குறிக்கின்றன. நாம் இதனை முன்னனுமதி எனலாம். சங்கத்தின் பிடித்தம் நம் பெயரில் சேமிப்பாக வளர்கிறது. சந்தாவோ போனது போனதுதான். வேற்றுமை இவ்வளவே.

இந்திய ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் அட்டைகளின் வழியான முன்னனுமதிக்கு விதிகளை வகுத்தது. 2020 ஜனவரியில் அவற்றை யூ.பி.ஐ.க்கும் விரித்தது. அதே ஆண்டு ஜூலையில் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் யூ.பி.ஐ. ஆட்டோபே முறையைத் தொடங்கியது. 2021 அக்டோபர் 1 முதல், அவ்விதிகளுக்கு உட்படாத பழைய முன்னனுமதிகள் செல்லாவாயின. ஒவ்வொரு முறையும் ரகசிய எண் கேளாமல் கழிக்கத்தக்க உச்ச அளவு 2022 ஜூனில் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. காப்பீட்டுப் பிரீமியம், மியூச்சுவல் பண்டு, கிரெடிட் கார்டு பாக்கி ஆகியவற்றுக்கு இவ்வளவு 2023 டிசம்பரில் ஒரு லட்சம் ரூபாய் ஆயிற்று.

இவ்விதிகளில் அங்கத்தினர் மனத்திற் கொள்ளவேண்டியவை மூன்று. முதலாவது, பணம் கழிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக, யாருக்கு, எவ்வளவு, எந்நாளில் என்ற அறிவிப்பு வரவேண்டும். இரண்டாவது, அந்த ஒரு தடவையையோ முன்னனுமதி முழுவதையுமோ வேண்டாம் எனத் தடுக்கும் உரிமை கணக்குடையவருக்கு உண்டு. மூன்றாவது, இந்த வசதிக்கென வங்கி தனிக் கட்டணம் வாங்கலாகாது. நாள்தோறும் வந்து குவியும் விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கிடையே இவ்வறிவிப்பும் படிக்கப்படாமற் போவதே இழப்புக்கு முதற்காரணம்.

செயலியை நீக்கினால் சந்தா நீங்காது

பலரும் மயங்கும் இடம் இதுவே. கைப்பேசியிலிருந்து செயலியை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என எண்ணுகின்றனர். நில்லாது. வாய்க்காலில் நீர் பாய்கிறது. அது பாயும் வயலைப் பார்ப்பதை விட்டுவிட்டால் நீர் நின்றுவிடுமா? மடையை அடைத்தால்தான் நிற்கும். செயலி என்பது வயலைப் பார்க்கும் வழி. முன்னனுமதியே மடை, அது வங்கியிடத்தில் இருக்கிறது. புதுக் கைப்பேசி வாங்கினாலும், பணம் அனுப்பும் செயலியையே அழித்தாலும், முன்பு தந்த அனுமதி தானே மறைந்துவிடாது.

ஆகவே சந்தாவை இரண்டு இடங்களில் முறிக்க வேண்டும். விற்பவரிடம் ‘இனி வேண்டாம்’ எனத் தெரிவிப்பது ஒன்று. பணம் செல்லும் வழியில் முன்னனுமதியைத் திரும்பப் பெறுவது மற்றொன்று.

முதற்படி: விற்பவரிடம் நிறுத்துதல்

ஆண்டிராய்டு கைப்பேசியில் கூகுள் பிளே ஸ்டோரைத் திறந்து, மேல்மூலையில் உள்ள தம் படத்தை அல்லது பெயரின் முதலெழுத்தைத் தொடுக. அங்கே பணம் செலுத்துதலும் சந்தாக்களும் என்னும் பகுதியும், அதனுள் சந்தாக்கள் என்னும் பிரிவும் உண்டு. நடப்பிலுள்ள சந்தாக்கள் வரிசையாகத் தோன்றும். வேண்டாததைத் தொட்டு, ரத்து செய்க. ஒரே கைப்பேசியில் இரண்டு மின்னஞ்சல் கணக்குகள் இருப்பின், எந்தக் கணக்கின் வழியே சந்தா எடுக்கப்பட்டதோ அந்தக் கணக்கில்தான் அது காணப்படும். ஐபோன் வைத்திருப்போர் அமைப்புகளுக்குச் சென்று, மேலே உள்ள தம் பெயரைத் தொட்டால் சந்தாக்கள் என்னும் பகுதியைக் காண்பர்.

சில செயலிகள் பிளே ஸ்டோரின் வழியன்றி நேரே பணம் பெறுகின்றன. அத்தகைய சந்தா மேற்சொன்ன வரிசையில் இராது. அந்தச் செயலிக்குள்ளேயே கணக்கு அல்லது சந்தா என்னும் பகுதியில் நிறுத்த வேண்டும். செயலியை முன்னரே அழித்திருப்பின், மீண்டும் ஏற்றி, அதே எண்ணால் உள்ளே சென்று நிறுத்துவதே முறை.

பிளே ஸ்டோரில் சந்தாவை ரத்து செய்தாலும், செலுத்திய காலம் முடியும்வரை சேவை கிடைக்கும். ஆதலால் பார்க்கும் மட்டும் பார்த்துவிட்டுக் கடைசி நாளில் நிறுத்தலாம் என்று காத்திருந்து மறப்பதைவிட, எடுத்த அன்றே ரத்து செய்வது நன்று.

இரண்டாம் படி: முன்னனுமதியைத் திரும்பப் பெறுதல்

போன்பே, கூகுள் பே, பேடிஎம், பீம் ஆகிய யூ.பி.ஐ. செயலிகளில் ஆட்டோபே என்னும் பகுதி இருக்கும். பெரும்பாலும் தம் படத்தைத் தொட்டால் வரும் பக்கத்தில் அதனைக் காணலாம். நடப்பிலுள்ள முன்னனுமதிகள், தொகை, அடுத்து கழியும் நாள் ஆகியவை அங்கே உள்ளன. வேண்டாததைத் தேர்ந்து ரத்து செய்க. அங்கே தற்காலிகமாக நிறுத்துதல் என்ற வழியும் இருக்கக்கூடும். ஆனால் தற்காலிகமாக நிறுத்தியது பின்னர் மீண்டும் தொடரும். அறவே வேண்டாமெனில் ரத்து செய்தலே தக்கது.

டெபிட் கார்டு அல்லது கிரெடிட் கார்டு எண்ணைக் கொடுத்திருந்தால், அட்டை வழங்கிய வங்கியின் இணையப் பக்கத்தில் முன்னனுமதியை ரத்து செய்ய வேண்டும். ‘நாச்’ அல்லது ‘ஏ.சி.எச்.’ என்று பாஸ் புத்தகத்தில் பதிவாகும் பிடித்தங்களுக்கு வங்கிக் கிளையில் எழுத்து மூலம் விண்ணப்பிப்பது நன்று. கணக்கு எண், பிடித்தம் செய்யும் நிறுவனத்தின் பெயர், தொகை, கடைசியாகக் கழிந்த நாள் ஆகியவற்றைக் குறித்து, நகலில் வங்கியின் முத்திரையைப் பெற்று வைத்துக்கொள்க. கையில் சான்று இல்லாத முறையீடு வலுவற்றது.

நிறுத்தலாகாதவை

நிற்க. பிடித்தம் என்று கண்டவை யாவற்றையும் வெட்டிவிடுவதும் தவறு. மே மாத இறுதியில் 20 ரூபாயும் 436 ரூபாயும் கழிந்திருப்பின், அவை முறையே பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்துக்கும் ஆயுள் காப்பீட்டுத் திட்டத்துக்கும் உரிய ஓராண்டுப் பிரீமியமாக இருக்கலாம். ஒவ்வொன்றும் இரண்டு லட்சம் ரூபாய்க்கான காப்பு. 2015-இல் 12 ரூபாயும் 330 ரூபாயுமாகத் தொடங்கிய இப்பிரீமியங்கள் 2022 ஜூன் முதல் இவ்வளவாயின. தென்னை மரம் ஏறுவோர் வீட்டில் 20 ரூபாயை மிச்சப்படுத்த எண்ணி விபத்துக் காப்பை இழப்பது சிக்கனமன்று.

அவ்வாறே, கடன் தவணைக்கான முன்னனுமதியை முறிப்பதனால் கடன் தீர்ந்துவிடாது, வட்டி வளரும். கணக்கில் பணமின்றி மின்னணுத் தவணை திரும்புவது, 2007-ஆம் ஆண்டுப் பணப்பட்டுவாடாச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்கீழ், காசோலை திரும்புவதைப் போன்றே வழக்குக்கு இடமளிக்கும். ஆகவே எது சந்தா, எது காப்பீடு, எது கடன் என்று முதலில் பிரித்தறிந்து, பின்னரே கைவைக்க வேண்டும்.

நுழைவது எளிது, வெளியேறுவது அரிது

சந்தாவில் சேர ஒரு தொடுதல் போதும். விலகவோ ஐந்தாறு பக்கங்களைத் தாண்ட வேண்டியிருக்கிறது. ‘உண்மையிலேயே விலகுகிறீர்களா?’ என்று மீண்டும் மீண்டும் கேட்டு மனத்தை மாற்றுவர். விலகும் பொத்தானை மங்கலாகவும், தொடரும் பொத்தானைப் பளிச்சென்றும் அமைப்பர். இது தற்செயலன்று. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் 13 வகை வஞ்சக அமைப்புகளைத் தடுத்துள்ளது. அவற்றுள் சந்தாப் பொறியும் ஒன்று. விலகும் வழியை மறைப்பதும், சுற்றி வளைப்பதும், இலவசம் எனச் சொல்லிப் பணம் கழிக்கும் அனுமதியைக் கட்டாயமாகப் பெறுவதும் இதன்பாற்படும்.

இந்நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் அமேசான் பிரைம் சந்தாவைக் குறித்து அந்நாட்டு வணிக ஆணையம் 2023-இல் வழக்குத் தொடுத்தது. விலகும் வழிக்கு அந்நிறுவனத்தார் தமக்குள் ‘இலியட்’ என்னும் நெடிய கிரேக்கக் காவியத்தின் பெயரையே இட்டிருந்தனர் என்று ஆணையம் கூறியது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு அவ்வழக்கு சமரசமாயிற்று. அதில் 150 கோடி டாலர் சந்தாதாரர்களுக்குத் திரும்பத் தருவதற்கு உரியது. அங்கேயும் மக்கள் ஏமாந்தனர் எனில், இங்கே ஓர் அங்கத்தினர் அகப்பட்டுக்கொண்டதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. தெரிந்த பின்னும் வாளாவிருப்பதே குறை.

முறையிடும் வழி

நிறுத்திய பிறகும் பணம் கழிந்தால், முதலில் அந்நிறுவனத்துக்கும் வங்கிக்கும் எழுத்தில் முறையிடுக. நிறுவனத்தின்மீதான குறையை 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே தெரிவிக்கலாம். வங்கி 30 நாட்களுக்குள் விடை தராவிடினும், தந்த விடை மனநிறைவு அளிக்காவிடினும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். மாநிலக் கூட்டுறவு வங்கிகளும் மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் 2025 நவம்பர் 1 முதல் இவ்வேற்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன என்பது நம் அங்கத்தினர் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நிறுவனத்தின் தொலைபேசி எண்ணை இணையத்தில் தேடினால், மோசக்காரர் இட்டுவைத்த போலி எண் கிடைப்பதும் உண்டு. ‘சந்தாப் பணத்தைத் திருப்பித் தருகிறோம், ரகசிய எண்ணை இடுங்கள்’ என்று எவர் சொன்னாலும் அது மோசடியே. பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் வேண்டியதில்லை. அவர்கள் சொல்லும் வேறு செயலி எதனையும் கைப்பேசியில் ஏற்றவும் கூடாது. ஏமாந்து பணம் போய்விட்டால், ஒரு நாழிகையும் தாழ்த்தாது 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். விரைந்து சொன்னால் பணத்தை இடையிலேயே மறித்து நிறுத்த வாய்ப்புண்டு.

சங்கம் செய்யத்தக்கது

எழுத்தறிந்தார் உதவியின்றி இவற்றைச் செய்ய இயலாத முதியோர் நம் சங்கங்களில் பலர் உள்ளனர். கைப்பேசியை முன்பின் அறியாதார் கையில் கொடுப்பதும் ஆபத்தே. எனவே ஒவ்வொரு சங்கமும் மாதம் ஒருநாள் பாஸ் புத்தகம் பார்க்கும் நாள் என ஒன்றை வகுத்து, மூன்று மாதப் பதிவுகளை அங்கத்தினரோடு அமர்ந்து படிக்கலாம். ஒரே தொகை திரும்பத் திரும்ப வரும் இடங்களில் கோடிட்டு, அது யாருக்கு, எதற்கு என்று எழுதிவைக்கலாம். உதவுவோர் வழி காட்டுவதோடு நிற்க வேண்டும். ரகசிய எண்ணைக் கணக்குடையவரே தம் கையால் இட வேண்டும்.

வீட்டிலும் ஒரு சிறு கட்டுப்பாடு நன்று. புதுச் சந்தா எதனையும் பிள்ளைகள் எடுக்குமுன் பெரியவரிடம் சொல்லுதல் வேண்டும். எடுத்த நாளையும் தொகையையும் நாட்காட்டியில் குறித்தல் வேண்டும். விரும்பிப் பயன்படுத்தும் சந்தாவை விலக்குமாறு நாம் கூறவில்லை. அறிந்து செலவிடும் நூறு ரூபாய் செலவு. அறியாமற்போகும் பத்து ரூபாய் இழப்பு. இம்மாதமே ஒவ்வோர் அங்கத்தினரும் தம் பாஸ் புத்தகத்தை ஒருமுறை வரிவரியாகப் படித்துப் பார்ப்பாராக.