2 டயர் வெடித்தும் தப்பிய ஜனாதிபதி! சொகுசு கார்களில் எது கெட்டி?

பாரீஸ் நகரை ஒட்டிய பெத்தி கிளமார் என்ற இடம். 1962-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந்தேதி. மணி 8-ஐ தாண்டி இருந்தது. இருட்டிக்கொண்டு வந்த நேரம்.

ஒரு கருப்பு கார் வேகமாக வந்தது. ரோட்டோரம் பதுங்கி இருந்த கும்பல் எந்திர துப்பாக்கிகளால் படபடவென்று சுட்டது. பின் கண்ணாடி நொறுங்கியது. 2 டயர்கள் வெடித்தன.

ஆனாலும் கார் நிற்கவில்லை. கவிழவில்லை. டிரைவர் ஆக்சிலேட்டரை அழுத்தினார். கார் சிட்டாக பறந்து விட்டது!

அந்த காரில் இருந்தவர் யார் தெரியுமா? பிரான்சு நாட்டு ஜனாதிபதி டிகால்! பக்கத்தில் அவர் மனைவி. முன்சீட்டில் மருமகன்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

அல்ஜீரியாவுக்கு சுதந்திரம் கொடுத்த ஆத்திரத்தில் டிகாலை தீர்த்துக்கட்ட சதி நடந்தது. சதிக்கு தலைவன் பாஸ்டியன் திரி என்ற விமானப்படை லெப்டினன்ட் கர்னல். கும்பல் சுட்டது 150 ரவுண்டுக்கு மேல். காரில் விழுந்த ஓட்டைகள் மட்டும் 14. காரில் இருந்த யார் மீதும் குண்டு படவில்லை. பாஸ்டியன் திரி பிடிபட்டான். 1963-ம் ஆண்டு மார்ச் 11-ந்தேதி அவனை சுட்டுக்கொன்று தண்டனையை நிறைவேற்றினார்கள்.

ஜனாதிபதியின் மனைவி விமான தளத்தில் இறங்கியதும், "கோழிக்கு ஒன்றும் ஆகலியே?" என்ற பாணியில் கேட்டாராம். சமையலுக்கு வாங்கிய கோழி டிக்கியில் இருந்தது. பிரெஞ்சு கொச்சையில் 'கோழி' என்றால் போலீஸ்காரர் என்றும் அர்த்தம். காவலுக்கு வந்த போலீசார், அம்மா நம்மைத்தான் விசாரிக்கிறார் என்று நெகிழ்ந்து போனார்களாம்!

குண்டு துளைக்கும் கார்தான்

அது குண்டு துளைக்காத கார் அல்ல. இரும்பு தகடு எதுவும் அடிக்கவில்லை. கடையில் விற்ற அதே சிட்ரோன் டி.எஸ்.19 கார்தான். அப்படியானால் எப்படி தப்பியது?

டிரைவரின் துணிச்சல் முதல் காரணம். கார் அமைப்பு அடுத்த காரணம்.

டி.எஸ். கார் 1955-ம் ஆண்டு அக்டோபர் 5-ந்தேதி பாரீஸ் கார் கண்காட்சியில் வந்தது. முதல் நாளே 12 ஆயிரம் பேர் ஆர்டர் கொடுத்தார்கள். அந்த காரில் வழக்கமான ஸ்பிரிங் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் சின்ன தேங்காய் அளவில் ஒரு இரும்பு உருண்டை. உருண்டைக்குள் பாதி நைட்ரஜன் வாயு, பாதி எண்ணெய். நடுவில் ரப்பர் திரை. சக்கரம் மேட்டில் ஏறினால் எண்ணெய் மேலே தள்ளும். வாயு சுருங்கி அடியை வாங்கிக் கொள்ளும். உட்கார்ந்திருப்பவருக்கு மெத்தையில் போவது மாதிரி இருக்கும்.

ஒரு ஆள் ஏறினாலும் சரி, 5 ஆள் மூட்டை முடிச்சோடு ஏறினாலும் சரி, கார் ஒரே உயரத்தில் நிற்கும். என்ஜினை நிறுத்தி வைத்தால் மெல்ல தரையோடு படுத்து விடும். ஸ்டார்ட் செய்தால் தூங்கி எழுந்த ஒட்டகம் மாதிரி மேலே எழும்பும். வேடிக்கை பார்க்கவே கூட்டம் கூடும்.

டயர் வெடித்தபோது கைகொடுத்தது வேறு ஒன்று. முன்சக்கரத்தை திருப்பும் அச்சு, டயரின் நடு மையத்துக்கு நேராக இறங்கும்படி அமைத்திருந்தார்கள். மற்ற கார்களில் அது சற்று தள்ளி விழும். முன் டயர் வெடித்தால் ஸ்டீரிங் ஒரு பக்கமாக வெட்டி இழுக்கும். டி.எஸ். காரில் அந்த இழுப்பு இல்லை. முன்சக்கரம் இழுத்து ஓடும் கார் என்பதால், மாட்டுவண்டி மாதிரி முன்னால் இழுக்க பின்பக்கம் ஒழுங்காக தொடரும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 3 மீட்டருக்கு மேல் நீளம். ஒரு பின்சக்கரத்தை கழற்றி விட்டு 3 சக்கரத்தில் ஓட்டிக் காட்டியவர்களும் உண்டு.

2 எதிரிகள்

கார் தயாரிப்பவர்களுக்கு தீராத தலைவலி ஒன்று உண்டு. சொகுசும் பிடிமானமும் ஒன்றுக்கொன்று ஜென்ம எதிரிகள்.

மாநகர பஸ்சில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 60 பேரை சுமக்க வேண்டும் என்று கெட்டியான ஸ்பிரிங் போட்டிருப்பார்கள். பஸ் காலியாக வந்தால் பள்ளத்துக்கு பள்ளம் தலை கூரையில் இடிக்கும். சரி, இளக்கமான ஸ்பிரிங் போட்டால் என்ன? பள்ளம் தெரியாது. ஆனால் வளைவில் வண்டி ஒரு பக்கமாக சாயும். திடீரென்று ஒடித்தால் ஸ்டீரிங் சொன்ன பேச்சை கேட்காமல் கொஞ்சம் தாமதித்து திரும்பும். அந்த கொஞ்சத்தில் எதிரே லாரி வந்தால் கதை முடிந்தது.

ரொம்ப இளக்கமும் ஆகாது. மனுஷன் நடக்கும்போது உடம்பு ஏறி இறங்குவது நொடிக்கு ஒன்று, இரண்டு தடவை. அதை ஒட்டி கார் ஆடினால் உடம்பு ஏற்றுக்கொள்ளும். அதைவிட மெதுவாக தொட்டில் மாதிரி ஆடினால் வயிற்றை புரட்டும். படகில் போனால் வாந்தி வருவது இதனால்தான். டி.எஸ். காரின் பின்சீட்டிலேயே சிலருக்கு மசக்கைக்காரி மாதிரி குமட்டியது உண்டு. வளைவில் அதுவும் நன்றாகவே சாயும்.

ராஜா கார்

ராஜா கார் என்று பெயர் வாங்கிய ரோல்ஸ்ராய்ஸ் கம்பெனியே சிட்ரோன் கம்பெனியிடம் காசு கொடுத்து உரிமை வாங்கியது. 1965-ல் வந்த 'சில்வர் ஷேடோ' காரில், உடம்பை மட்டமாக வைக்க சிட்ரோன் முறை எண்ணெய் அமைப்பை பயன்படுத்தினார்கள்.

பின்சீட்டில் உட்கார்ந்த முதலாளி சொர்க்கத்தில் மிதந்தார். முன்சீட்டு டிரைவர்தான் பாவம்! வளைவில் கார் கப்பல் மாதிரி சாய்ந்தது. ஸ்டீரிங்கில் ரோடு எங்கே இருக்கிறது என்றே கைக்கு தெரியவில்லை. 1977-ல் இரண்டாவது ரகம் வந்தபோதுதான் ஸ்டீரிங்கை மாற்றி, முன்பக்க அமைப்பையும் திருத்தினார்கள். 12 வருஷம் ஆயிற்று, டிரைவர் பேச்சு மேலே போய் சேர!

அதே இங்கிலாந்தில் 1968-ல் ஜாகுவார் கம்பெனி 'எக்ஸ்.ஜே.6' காரை இறக்கியது. வாயுவும் இல்லை, உருண்டையும் இல்லை. சாதாரண சுருள் ஸ்பிரிங்தான். சக்கரங்களை தாங்கும் சட்டத்தை ரப்பர் வைத்து உடம்போடு பொருத்தினார்கள். அதற்கென்றே டயர் செய்யச் சொன்னார்கள். சொகுசும் வந்தது, வளைவில் பிடிப்பும் வந்தது. ரோல்ஸ்ராய்ஸ் விலையை ஒப்பிட்டால் இது ஏழைக்கு ஏற்ற எள்ளுருண்டை. அந்த காலத்து கார்களில் முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் சமநீதி வழங்கியது இதுதான் என்று தாராளமாக சொல்லலாம்.

ஜெர்மனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1975-ல் பென்ஸ் '450 எஸ்.இ.எல். 6.9' வந்தது. இதிலும் வாயு, எண்ணெய் உருண்டைதான். ஆனால் சாய விடாமல் இறுக்கி வைத்தார்கள். 2 டன்னை தொடும் கார் மணிக்கு 225 கிலோ மீட்டர் ஓடியது. 1980 வரை தயாரானது 7,380 கார்கள் மட்டுமே.

15 கண்ணாடி கோப்பை

1989-ல் ஜப்பான்காரர்கள் லெக்சஸ் 'எல்.எஸ்.400' காரை கொண்டு வந்தார்கள். அதன் டி.வி. விளம்பரம் உலக பிரசித்தம். பானட் மேல் 15 ஷாம்பெயின் கோப்பைகளை கோபுரமாக அடுக்கி, சக்கரத்தை அதிவேகத்தில் சுழல விட்டார்கள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

இதில் ஒரு சங்கதியை கவனிக்க வேண்டும். கார் ரோட்டில் ஓடவில்லை. நின்ற இடத்தில் உருளை மேல் சக்கரம் சுற்றியது. என்ஜின் அதிரவில்லை என்பதற்கு அது சாட்சி. பள்ளம் மேட்டில் எப்படி போகும் என்பதற்கு சாட்சி அல்ல. லெக்சஸ் நல்ல கார்தான், சந்தேகமில்லை. ஆனால் விளம்பரத்தை பார்த்து கார் வாங்குகிறவர் எதற்கு கைதட்டுகிறோம் என்று தெரிந்து தட்ட வேண்டும்.

பி.எம்.டபிள்யூ. கம்பெனி எப்போதும் டிரைவர் கட்சி. நம் செங்கல்பட்டு அருகே 2007-ல் தொழிற்சாலை திறந்த அதே கம்பெனிதான். காற்று போனாலும் ஓடும் 'ரன் பிளாட்' டயரை தன் கார்கள் பலவற்றில் போட்டது. டயரின் பக்கச்சுவர் கெட்டியாக இருக்கும். பஞ்சர் ஆனாலும் சுமார் 80 கிலோ மீட்டர் தூரம் மெதுவாக ஓட்டிச் செல்லலாம். டிகாலுக்கு அன்று இது கிடைத்திருந்தால் எவ்வளவு உதவி! ஆனால் அந்த கெட்டி சுவரே சின்ன பள்ளத்தின் அடியையும் முதுகுக்கு அனுப்பி வைக்கும். ஒன்று வாங்கினால் ஒன்று போகும்.

மறுபடியும் கோழி!

2013-ல் பென்ஸ் 'எஸ்' கிளாஸ் காரில் முன் கண்ணாடிக்கு பின்னால் கேமரா வைத்தார்கள். ரோட்டில் வரும் மேடு பள்ளத்தை அது 15 மீட்டர் தூரத்திலேயே பார்த்து, எந்த சக்கரத்தை இளக்க வேண்டும், எதை இறுக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி விடும். கண் தெரியாமல் தடுமாறிய ஸ்பிரிங்குக்கு கண் வைத்தாயிற்று. ஆரம்பத்தில் 130 கிலோ மீட்டர் வேகம் வரைதான் இது வேலை செய்தது. நல்ல வெளிச்சமும் வேண்டும்.

இதற்கு பென்ஸ் எடுத்த விளம்பரத்தில் கார் கிடையாது. கோழிதான்! கோழியின் உடம்பை எப்படி ஆட்டினாலும் தலை அசையாமல் நிற்குமே, அதை காட்டினார்கள். உடனே ஜாகுவார் கம்பெனி ஒரு எதிர் விளம்பரம் எடுத்தது. அதில் கோழியை காணோம். சிறுத்தை வாயில் இறகு!

போஸ் என்ற ஒலிபெருக்கி கம்பெனி 2004-லேயே, ஸ்பிரிங்குக்கு பதிலாக மின்காந்த மோட்டார் வைத்த காரை காட்டியது. சோதனைக்கு எடுத்தது அதே லெக்சஸ் 400. கட்டையை கண்டால் கார் குதிரை மாதிரி தாண்டியது. எடையும் விலையும் கட்டுப்படி ஆகாமல் கடைக்கு வரவில்லை. 2024-ல் சீனாவின் 'நியோ' கம்பெனி, நாலு சக்கரத்தையும் தனித்தனியாக தூக்கி இறக்கும் 'இ.டி.9' காரை இறக்கியது. பானட் மேல் கோப்பை கோபுரம் அடுக்கி, இந்த தடவை நிஜ வேகத்தடை மேலேயே ஏற்றி இறக்கி காட்டினார்கள்.

உயிர் காக்கவும் இந்த வித்தை பயன்படுகிறது. ஆடி 'ஏ8' காரில் பக்கவாட்டில் வேறு வண்டி மோதப்போகிறது என்று தெரிந்தால், அந்த பக்கத்தை 8 செண்டி மீட்டர் வரை தூக்கி விடும் வசதி உண்டு. அடி கதவில் விழாமல் கீழே இருக்கும் கெட்டி சட்டத்தில் விழும்.

அதே பாரீஸ்

சொகுசில் ஒரு ஆபத்தும் ஒளிந்து இருக்கிறது. ஆட்டம் இல்லை, சத்தம் இல்லை என்றால் வேகம் தெரியாது. பழைய அம்பாசடரில் 80-ஐ தொட்டால் கதவும் கண்ணாடியும் சேர்ந்து எச்சரிக்கை மணி அடிக்கும். சொகுசு காரில் 120-ல் போனாலும் பின்சீட்டுக்காரர் பேப்பர் படித்துக் கொண்டிருப்பார். அதிர்ச்சி தெரியாததால் வேகம் குறைந்து விடாது. மோதினால் அதே 120-தான்.

டிகால் தப்பி 35 வருஷம் கழித்து, அதே பாரீசில் இன்னொரு சொகுசு கார் செய்தியில் வந்தது. 1997-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந்தேதி, நள்ளிரவு தாண்டிய நேரம். அல்மா சுரங்கப்பாதை. பென்ஸ் 'எஸ் 280' கார். இரட்டை கண்ணாடி ஜன்னலுக்கும் அமைதியான ஓட்டத்துக்கும் பெயர் வாங்கிய ரகம்.

அங்கே வேக வரம்பு 50. கார் வந்தது அதைப்போல் சுமார் இரண்டு மடங்கு வேகத்தில். டிரைவர் குடித்திருந்தார். புகைப்படக்காரர்கள் துரத்தி வந்தார்கள். கார் 13-வது தூணில் மோதியது. இளவரசி டயானா, அவர் நண்பர் டோடி, டிரைவர் ஆகிய 3 பேர் உயிர் இழந்தார்கள். மெய்க்காவலர் மட்டும் படுகாயத்துடன் பிழைத்தார். காரில் ஒருவர்கூட சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை. போலீஸ் விசாரணையில் காரில் பழுது எதுவும் காரணமாக கண்டுபிடிக்கப்படவில்லை.

டி.எஸ். கார் உற்பத்தி 1975-ல் நின்று விட்டது. மொத்தம் தயாரானவை 14 லட்சத்துக்கு மேல். செகண்ட் ஹேண்ட் சந்தையில் சொகுசு கார் பார்க்கிறவர்கள் அதன் பழக்கம் ஒன்றை ஞாபகம் வைத்துக் கொள்வது நல்லது. இப்போதைய கார்களில் எண்ணெய் உருண்டைக்கு பதிலாக காற்றுப்பை. ராத்திரி நிறுத்திய கார் காலையில் ஒரு பக்கம் படுத்துக் கிடந்தால், பையில் கசிவு என்று அர்த்தம். டி.எஸ். காரை போல தானாக எழுந்து நிற்கும் என்று நம்பி பணத்தை எண்ணி கொடுத்து விடாதீர்கள். காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே போய் பாருங்கள். ஓட்டிப் பார்க்கும்போது ஒரு தடவை பின்சீட்டில் உட்கார்ந்து வேகத்தடையில் ஏறுங்கள். ஒரு தடவை டிரைவரையும் கூட்டிப்போய், வளைவில் ஸ்டீரிங் எப்படி என்று அவரிடம் கேளுங்கள்.