ஐப்பசியில் தோரோங் கணவாய்

2014 அக்டோபர் 12 அன்று ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. விமான நிலையம் சிதைந்தது; நகரெங்கும் மரங்கள் வேரோடு சாய்ந்தன. கரையேறிய புயல் வழக்கம்போல வலுவிழந்தது, அத்தோடு செய்திகளில் அதற்கான இடமும் சுருங்கியது. ஆனால் அது சுமந்து வந்த ஈரம் வடக்கே நகர்ந்துகொண்டே இருந்தது. மேற்கிலிருந்து வந்த மேலடுக்குக் காற்றோடு கலந்து, இரண்டே நாளில், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இமயமலையில் பனியாகக் கொட்டியது.

அக்டோபர் 14 விடியுமுன், நேபாளத்தின் தோரோங் கணவாயை நோக்கிப் பல நூறு பேர் நடந்துகொண்டிருந்தார்கள். கணவாயின் உயரம் 5,416 மீட்டர். அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றிவரும் நடைபாதையின் உச்சிப் புள்ளி அதுதான். நேரம் ஆக ஆக, முன்னால் போகிறவரின் முதுகுகூடத் தெரியாத அளவுக்குப் பனி கொட்டியது. கணவாயின் மேலே இருக்கும் சின்ன டீக்கடைக்குள் கொள்ளாத கூட்டம் நெருக்கியடித்து நின்றது. அங்கிருந்து இறங்கப் புறப்பட்டவர்களில் பலர் பாதை தெரியாமல் பனியில் சிக்கிக்கொண்டார்கள். அந்தப் புயலில் அன்னபூர்ணா, தவளகிரிப் பகுதிகளில் குறைந்தது 43 பேர் இறந்தார்கள். வெளிநாட்டவரோடு நேபாளி வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் அவர்களில் உண்டு. 500க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள்.

அது நடந்த மாதம்தான் இந்தப் பாதைக்கு உகந்தது என்று எல்லா வழிகாட்டிப் புத்தகங்களும் சொல்லும் மாதம். அந்தப் புத்தகங்கள் சொல்வதில் தவறும் இல்லை. பருவமழை செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் முதல் வாரத்திலோ நேபாளத்தை விட்டு விலகும்போது, காற்றிலிருந்த தூசியையெல்லாம் கழுவிவிட்டுப் போகிறது. அப்போது தெரியும் மலைகளின் துல்லியம் வேறு எந்தப் பருவத்திலும் வாய்க்காது. நமக்கு ஐப்பசி அடைமழைக் காலம். இந்தப் பாதை தொடங்கும் மர்ஸ்யாங்டி ஆற்றங்கரைக் கிராமங்களில் அறுவடைக் காலம். ஆனால் இரண்டுக்கும் ஒரே வங்கக்கடல்தான். நம் பக்கம் புயல்களைப் பெற்றெடுக்கும் அதே கடல், எப்போதாவது அவற்றில் ஒன்றை வடக்கே அனுப்பிவிடுகிறது. 2021 அக்டோபரில் பருவம் தவறிப் பெய்த மழை நேபாளத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அறுவடைக்கு நின்ற நெல் நீரில் மிதந்தது. 2024 செப்டம்பர் கடைசி வாரத்தில் வந்த வெள்ளம் 200க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது.

ஆகவே இலையுதிர்காலத்தில் இந்தப் பாதைக்குத் திட்டமிடுகிறவர் முதுகுப்பையைத் திறக்கும் முன் திறக்க வேண்டியது நாட்காட்டியை. எந்த வாரம், எத்தனை நாள், அவற்றில் எத்தனை நாள் எதற்கும் ஒதுக்கப்படாமல் கையில் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிட்டால் மற்றவை எளிதில் ஒழுங்காகிவிடும்.

முதலில் வாரம். அக்டோபர் தொடக்கத்தில் பருவமழையின் வால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். பேசிசஹரிலிருந்து மேலே போகும் ஜீப் சாலையில் மண்சரிவுகள் முழுதாக அகற்றப்பட்டிருக்காது. அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முதல் வாரம் வரை வானம் தெளிவு, கூட்டமும் உச்சம். தசைன் பண்டிகை இந்தக் காலத்தை ஒட்டித்தான் வரும். நேபாளமே சொந்த ஊருக்குக் கிளம்பும் நாட்கள் அவை. பஸ்ஸில் இடம் இருக்காது, போர்ட்டர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அடுத்து, நம் தீபாவளியை ஒட்டி, திஹார் வருகிறது. நவம்பர் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு குளிர் கடுமையாகும். ஆனால் லாட்ஜுகளில் கட்டில் கிடைக்கும், வானமும் கண்ணாடியாக இருக்கும். இன்னொன்றும் உண்டு. அக்டோபர் புயல்களில் பல ஆந்திரா, ஒடிசா, வங்கம் என்று வடக்கே திரும்புபவை. கார்த்திகைப் புயல்கள் பெரும்பாலும் தெற்கே, நம் கரையை நோக்கி வருபவை. குளிரைத் தாங்கும் உடம்பும் உடையும் இருப்பவர்கள் நவம்பர் நடுவில் போவதே நல்லது.

இனி நாட்கள். இங்கே பெரிய எதிரி உயரம். 5,400 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அப்படியே. உடம்பு அதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் தன் வேகத்தில்தான். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் அடிப்படை விதி. நடக்கும் உயரத்தைவிடப் படுக்கும் உயரம்தான் கணக்கு.

இந்த விதியைச் சாலை எளிதில் மீறவைக்கிறது. அன்னபூர்ணா சுற்றுப்பாதை 1977இல் வெளிநாட்டவருக்குத் திறக்கப்பட்டபோது எல்லாரும் ஆற்றங்கரையிலிருந்து நடந்தே ஏறினார்கள். கணவாய்க்கு முன் வரும் மனாங் ஊரை அடையும்போது உடம்பு ஒரு வாரம் பழகியிருக்கும். இப்போது மனாங் வரை ஜீப் போகிறது. 760 மீட்டர் உயரத்தில் இருக்கும் பேசிசஹரில் காலையில் ஏறி உட்கார்ந்தால், அன்றே 3,500 மீட்டரைத் தாண்டிய மனாங்கில் இறங்கிவிடலாம். விடுமுறையில் நான்கைந்து நாள் மிச்சமானதாகத் தோன்றும். ஆனால் அன்றிரவே தலைவலியும் குமட்டலும் தொடங்கி, மறுநாள் கீழே இறங்க வேண்டிய நிலையும் வரலாம். ஜீப் வேண்டுமென்றால் சாமே வரை போதும். அங்கே உயரம் சுமார் 2,670 மீட்டர். முதல் இரவை அங்கே கழித்துவிட்டு நடக்கத் தொடங்கலாம்.

சாமேயிலிருந்து மேல் பிசாங், சுமார் 3,300 மீட்டர். அங்கிருந்து மனாங் போக இரண்டு வழிகள் உண்டு. கீழ்வழி ஜீப் சாலையோடு சமதளமாகப் போகும். ஒரே நாளில் முடிந்துவிடும். மேல்வழி செங்குத்தாக ஏறி கியாரு கிராமத்துக்குப் போய், ஙாவல் வழியாக மனாங்கில் இறங்கும். நேரம் குறைவு என்று கீழ்வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இரண்டு இழப்புகளை அடைகிறார்கள். கியாருவின் கல்வீட்டுக் கூரைகளில் நின்றால் அன்னபூர்ணா இரண்டாம் சிகரம் பள்ளத்தாக்குக்கு எதிரே முழு உயரத்தில் நிற்கும். அது ஓர் இழப்பு. மற்றது உடம்புக்கு. மேல்வழியில் சுமார் 3,700 மீட்டர் வரை ஏறி, ஙாவலில் ஓர் இரவு தங்கி, சற்றே இறங்கி மனாங் வருகிறவருக்கு உயரம் ஏற்கெனவே பழகத் தொடங்கியிருக்கும்.

மனாங்கில் இரண்டு இரவுகள். இங்கே சீசன் காலத்தில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் மருத்துவ முகாமில் மலைநோய் பற்றி மதிய வேளையில் ஒரு வகுப்பு எடுப்பார்கள். எல்லாரும் கட்டாயம் உட்கார வேண்டிய வகுப்பு அது. தலைவலியோடு பசியின்மையோ குமட்டலோ சோர்வோ சேர்ந்தால் ஏறாதே. அது கூடினால் இறங்கு. நேர்கோட்டில் நடக்கத் தடுமாறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இரவானாலும் உடனே இறங்கு. மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துவிட்டால் காத்திருக்க நேரம் கிடையாது. டயமாக்ஸ் என்று கடைகளில் கிடைக்கும் அசிட்டஸோலமைடு மாத்திரை உடம்பு பழகுவதற்கு உதவும். அதை யார், எந்த அளவு எடுக்கலாம் என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வர வேண்டும். ஓய்வு நாளென்றால் கட்டிலில் படுத்திருக்கத் தேவையில்லை. கங்காபூர்ணா பனியாற்றின் அடியில் இருக்கும் ஏரிப் பக்கமோ, எதிர்ச்சரிவிலோ சில நூறு மீட்டர் ஏறிவிட்டுத் திரும்பி வந்து தூங்குவது நல்லது.

பிறகு யாக் கர்காவில் ஓர் இரவு, தோரோங் பேடியில் ஓர் இரவு. மறுநாள் விடியுமுன் கணவாய். அங்கே பகல் ஏற ஏறக் காற்று வலுக்கும் என்பதால் மூன்று, நான்கு மணிக்கே தலைவிளக்கோடு கிளம்புவது வழக்கம். ஏறுவது ஏறத்தாழ 950 மீட்டர், அதன்பின் முக்திநாத் வரை 1,600 மீட்டர் இறக்கம். பலருக்கு முழங்கால் வலிக்கத் தொடங்குவது இந்த இறக்கத்தில்தான்.

கூட்டிப் பார்த்தால், சாமேயிலிருந்து முக்திநாத் வரை ஒரு வாரத்துக்குச் சற்று மேல். காத்மாண்டு போய்வருவதையும் பஸ், ஜீப் பயணங்களையும் சேர்த்தால் ஏறக்குறைய இரண்டு வாரம். இதற்கு மேல் மூன்று நாள் சும்மா கையில் இருக்க வேண்டும். இந்த மூன்று நாளைத்தான் எல்லாரும் முதலில் வெட்டுகிறார்கள். திரும்பும் விமானம் இன்ன தேதி, திங்கள்கிழமை ஆபீஸ் என்று முடிவாகிவிட்டால், பேடியில் மேகம் திரளும் காலையில் கால்கள் தானாக மேலே நடக்கும். காத்திருக்க நாள் இருப்பவர் இன்னொரு கிளாஸ் டீ வாங்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் உட்கார்ந்துவிடுவார். பத்து நாள் லீவுதான் கிடைக்கும் என்றால், தோரோங்கை இன்னொரு வருடத்துக்கு வைத்துவிட்டு, கோரேபானி–பூன் ஹில் போன்ற 3,200 மீட்டர் பாதையை எடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை. அன்னபூர்ணாவும் தவளகிரியும் அங்கிருந்தும் தெரியும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இந்திய வானிலை ஆய்வு மையத்தின் வங்கக்கடல் அறிக்கைகளைப் பார்த்து வருவது தமிழ் வாசகருக்குப் புதிய பழக்கமல்ல. அந்தமான் பக்கம் காற்றழுத்தத் தாழ்வு என்றால் நாம் மொட்டைமாடியில் காயப்போட்டதை எடுக்கிறோம். ஒடிசா, ஆந்திரக் கரையை நோக்கி ஒரு புயல் நகர்கிறது என்றால், மனாங்கிலோ பேடியிலோ இருப்பவர் அடுத்த மூன்று நான்கு நாளுக்குக் கணவாயை மறந்துவிட வேண்டும். நேபாள நீரியல் வானிலைத் துறையின் முன்னறிவிப்பையும் லாட்ஜ்காரரின் சொல்லையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மேலே போகப் போக சிக்னல் அறுபடும் என்பதால், மனாங்கில் இருக்கும்போதே பார்த்து முடிவெடுப்பது உசிதம்.

அனுமதிகள் சிக்கலானவை அல்ல. இந்தியர்களுக்கு விசா தேவையில்லை; பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதி, 7,629 சதுர கிலோமீட்டர், நேபாளத்தின் மிகப்பெரிய பாதுகாக்கப்பட்ட நிலம். அதற்கான நுழைவுச்சீட்டு சார்க் நாட்டினருக்குக் குறைந்த கட்டணத்தில் கிடைக்கிறது. வெளிநாட்டவர் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் நேபாளம் விதி கொண்டுவந்தது. விதிக்காக மட்டுமல்லாமல் உயிருக்காகவும் அதை ஏற்றுக்கொள்ளலாம்: வெண்பனியில் பாதை மறையும்போது, அந்தச் சரிவில் இருபது முறை இறங்கியவரின் நினைவுதான் வழி காட்டும். போர்ட்டர் வைத்துக்கொள்கிறவர் கூலியோடு இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அவருக்கு நல்ல காலணியும் கனத்த ஜாக்கெட்டும் கறுப்புக் கண்ணாடியும் இருக்கிறதா, காப்பீடு இருக்கிறதா? இல்லாவிட்டால் வாங்கிக்கொடுப்பதும் பயணச் செலவில் சேர்ந்ததே. நம் காப்பீட்டையும் படித்துப் பார்க்க வேண்டும். பல பாலிசிகள் 4,000 மீட்டருக்கு மேல் செல்லாது.

பையில் என்ன? லாட்ஜில் கட்டிலும் கம்பளியும் பருப்புச் சோறும் கிடைப்பதால் கூடாரமும் அடுப்பும் வேண்டாம். சுழியத்துக்குக் கீழே பத்து டிகிரி தாங்கும் தூக்கப்பை, இறகு ஜாக்கெட், மழையும் காற்றும் புகாத மேலாடை, இரண்டு ஜோடி கையுறை, வீட்டிலேயே நடந்து பழக்கிய பூட்ஸ். தண்ணீருக்கு ரப்பர் குழாய் வைத்த பையை நம்பக் கூடாது. பேடியிலிருந்து கிளம்பிய அரைமணியில் குழாயில் இருக்கும் நீர் உறைந்துவிடும், பை நிறையத் தண்ணீர் இருந்தும் ஒரு மிடறு கிடைக்காது. வாயகன்ற பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, மூடி கீழே இருக்கும்படித் தலைகீழாகச் செருகினால், மேலே பனிக்கட்டி கட்டினாலும் மூடிப் பக்கம் நீராகவே இருக்கும். போன் பேட்டரியை இரவில் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். வழியிலுள்ள கிராமங்களில் சுத்திகரித்த குடிநீர் நிலையங்கள் உண்டு. பிளாஸ்டிக் பாட்டில் வாங்கத் தேவையே இல்லை.

வானம் கைகொடுத்து, ஒதுக்கிய மூன்று நாளும் செலவாகாமல் முக்திநாத் வந்துவிட்டால் அவற்றை அங்கேயே கரைக்கலாம். வைணவர்களின் 108 திவ்யதேசங்களில் திருச்சாளக்கிராமம் என்று போற்றப்படும் தலம் இது, திருமங்கையாழ்வார் பாடியது. கோயிலின் பின்னே அரைவட்டச் சுவரில் 108 நீர்த்தாரைகள் கொட்டுகின்றன. கீழே காளி கண்டகி ஆற்றுப்படுகையில் கிடைக்கும் சாளக்கிராமக் கற்கள், இமயம் எழும் முன்பு இங்கிருந்த கடலில் வாழ்ந்த அம்மோனைட் உயிரிகளின் புதைபடிவங்கள். அங்கிருந்து காக்பேனியின் மண்சந்துகள், ஆப்பிள் தோட்டங்களுக்குப் பேர்போன மார்பா என்று மெல்ல இறங்கலாம். நடையைக் காலை பத்து பதினோரு மணிக்குள் முடித்துவிட வேண்டும்; அதன்பிறகு பள்ளத்தாக்கின் தெற்கிலிருந்து எழும் காற்று ஆற்றுமணலை அள்ளி முகத்தில் அறையும். இதே பள்ளத்தாக்கிலுள்ள ஜோம்சோமிலிருந்து பொக்காரா போகும் சிறு விமானங்கள் காலையில் மட்டும் பறப்பது இதனால்தான். அன்று மேகம் இறங்கிவிட்டால் விமானம் ரத்து, ஜீப்பிலோ பஸ்ஸிலோ ஒரு முழு நாள் குலுங்கிக்கொண்டு இறங்க வேண்டும். கையிருப்பு நாட்களில் ஒன்றை அதற்கென்று கடைசிவரை தொடாமல் வைத்திருப்பது நல்லது.