உங்களுக்குத் தெரியுமா? முகம் காட்டாத சுவரோவியர்

திருவனந்தபுரம் பக்கம் போனால், சுவரோவியம் பார்க்க அப்படியே கொச்சிக்கும் போய் வாருங்கள். திருவனந்தபுரத்திலிருந்து ரயிலில் சுமார் 200 கி.மீ.

● 2014-15இல் கொச்சி-முசிறிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சி நடந்த சமயம், ஃபோர்ட் கொச்சியின் பழைய சுவர்களில் புதுப்புது ஓவியங்கள் முளைத்தன. வரைந்தவர் வைத்துக்கொண்ட பெயர் ‘கெஸ் ஹூ’. ‘யாரென்று சொல்லுங்கள், பார்ப்போம்’ என்று பொருள்.

● உலகப் பிரபலங்களைக் கேரளக் கோலத்தில் நிறுத்தியது இவரது தனி முத்திரை.

● உருவத்தை வெட்டியெடுத்த அட்டையைச் சுவரில் வைத்து ஸ்பிரே பெயின்ட் அடித்தால், சில நிமிடங்களில் படம் விழுந்துவிடும். இதுதான் இவர் கையாண்ட ஸ்டென்சில் முறை. பிரிட்டனின் தெருவோவியர் பேங்க்ஸிக்குப் புகழ் தந்ததும் இதுவே.

● உப்புக்காற்றும் பருவமழையும் பெயின்ட்டை உரித்துவிடும். கண்ணில் பட்டதை நின்று ரசியுங்கள், மேலே கிறுக்காதீர்கள்!